பலத்தின் கணக்கும் பாரத்தின் கணக்கும்

சூப்பர்ஹீரோ மேசை ஆட்டங்களில் எது சிறந்தது என்று கேட்டால், பதில் சொல்கிறவர்கள் பெரும்பாலும் சண்டையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எந்த ஆட்டத்தில் அடி அடியாக விழுகிறது, எதில் பறப்பதற்கும் நெருப்புக் கக்குவதற்கும் விதி கச்சிதமாக இருக்கிறது, எதில் கணக்குப் போடும் தொல்லை குறைவு என்று இந்தத் தடத்திலேயே பேச்சு ஓடி முடிந்துவிடுகிறது. இந்த வகை ஆட்டத்தை அறியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்கிறார்கள். ஒருவர் கேம் மாஸ்டர். ஊர், வில்லன், போலீஸ், பொதுமக்கள் எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்கள் ஆளுக்கொரு நாயகர். தங்கள் நாயகர் என்ன செய்கிறார் என்று வாயால் சொல்கிறார்கள். முடிவு எப்படியும் போகலாம் என்ற இடத்தில் பகடை உருட்டுகிறார்கள். பலனை விதிப்புத்தகம் சொல்கிறது. 1974இல் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இந்த வடிவத்துக்கு வழி திறந்தது. மூன்றே ஆண்டுகளில், 1977இல், ‘சூப்பர்ஹீரோ: 2044’ வந்தது. அன்றுமுதல் இன்றுவரை சூப்பர்ஹீரோக்களுக்கென்றே எழுதப்பட்ட விதிப்புத்தகங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பிடித்தமானது என்று தேர்வு செய்ய ஓர் அளவுகோல் வேண்டும். நாயகரின் பலத்தை ஓர் ஆட்டம் எவ்வளவு துல்லியமாக அளக்கிறது என்பது அந்த அளவுகோலாக இருக்க முடியாது. அவர் தோளில் இருக்கும் பாரத்தை ஆட்டத்துக்குள் அது எப்படிக் கொண்டுவருகிறது என்பதை வைத்தே அதை எடைபோட வேண்டும். இதுவே இக்கட்டுரையின் வாதம்.

பலம் ஏன் போதாது என்பதற்குக் காமிக்ஸ் கதைகளே சாட்சி. கடைசிப் பக்கத்தில் நாயகர் ஜெயிப்பார் என்று வாசகருக்கு முதல் பக்கத்திலேயே தெரியும். தெரிந்தும் பக்கத்தைப் புரட்டுகிறார் என்றால், ஜெயிப்பதற்கு அவர் என்ன விலை கொடுக்கப்போகிறார் என்று பார்க்கத்தான். ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் 1962இல் உருவாக்கிய ஸ்பைடர்மேன் அந்த ஆண்டின் பலசாலி நாயகர் அல்லர். வாடகை, பள்ளிக்கூடம், அத்தையின் உடல்நிலை, செத்துப்போன சித்தப்பாவின் நினைவு ஆகியவற்றைச் சுமந்துகொண்டு சுவரேறியதுதான் அவரைத் தனித்துக் காட்டியது. தமிழ் வாசகர்களுக்கு இன்னும் நெருக்கமான ஓர் உதாரணம் இருக்கிறது. 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாகவே வந்த இரும்புக்கை மாயாவி, மூலத்தில் 1962 முதல் பிரிட்டனின் ‘வேலியன்ட்’ வார இதழில் வந்த லூயிஸ் கிராண்டெல். விபத்தில் வலது கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்ட ஆய்வக உதவியாளர். மின்சாரம் உடலில் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், எஃகுக் கை மட்டும் மறையாது. தொடக்கக் கதைகளில் அவர் நல்லவரும் அல்லர். கிடைத்த சக்தி அவரைக் கெட்ட வழிக்கு இழுத்தது, பிறகுதான் திருந்தினார். மறையும் சக்தி பல பாத்திரங்களுக்கு உண்டு. மறையாத அந்தக் கைதான் மாயாவி. எந்த சூப்பர்ஹீரோ ஆட்டத்தையும் சோதித்துப் பார்க்க இவரைவிட நல்ல உரைகல் இல்லை: மறைவதற்கு விதி எழுதுவது எளிது, மறையாத கைக்கு அந்த ஆட்டம் என்ன செய்கிறது?

தொடக்ககால ஆட்டங்களை வேகமாகக் கடந்துவிடலாம். 1979இல் ஜெஃப் டீயும் ஜாக் ஹெர்மனும் எழுதிய ‘வில்லன்ஸ் அண்ட் விஜிலன்டீஸ்’ ஓர் அழகான யோசனையோடு வந்தது: ஆட்டக்காரர் தம்மையே பாத்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டும், சக்திகளைப் பகடை தீர்மானிக்கும். அதற்குப் பிறகு வந்ததுதான் உண்மையான திருப்பம். 1981இல் ஜார்ஜ் மெக்டொனால்டும் ஸ்டீவ் பீட்டர்சனும் வெளியிட்ட ‘சாம்பியன்ஸ்’ பகடையின் தயவை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு சக்திக்கும் விலை வைத்தது. கையில் இருக்கும் புள்ளிகளைக் கொண்டு ஆட்டக்காரர் தம் நாயகரைத் தாமே கட்டிக்கொள்ளலாம். அந்தப் புத்தகத்தில் நெருப்புக்கும் மின்னலுக்கும் தனித்தனி விதி கிடையாது; தூரத்திலிருந்து தாக்கும் சக்தி என்று ஒன்றுதான் இருக்கும், அது நெருப்பா மின்னலா என்பதை ஆட்டக்காரர் சொல்லிக்கொள்ள வேண்டும். இந்தப் பொதுமை அன்று பெரிய சாதனை. மாயாவியை இதில் கட்டுவது சுலபம். மறையும் சக்தியை விலைக்கு வாங்கி, மின்சாரம் இருந்தால்தான் வேலை செய்யும், கை மறையாது என்று கட்டுப்பாடுகளைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு கட்டுப்பாடும் விலையைக் குறைக்கும். முப்பது புள்ளி விலையுள்ள ஒரு சக்திக்கு அரை அளவுக் கட்டுப்பாடு போட்டால், முப்பதை ஒன்றரையால் வகுத்து இருபது புள்ளி கொடுத்தால் போதும். மறையாத கை இங்கே ஒரு தள்ளுபடியாகிவிடுகிறது.

‘சாம்பியன்ஸ்’ இன்னொரு கதவையும் திறந்தது. நாயகர் தம் குறைகளை எழுதிக்கொடுத்தால் கூடுதல் புள்ளி கிடைக்கும்: துரத்தும் எதிரி, கொல்லமாட்டேன் என்ற உறுதி, ரகசிய அடையாளம், காப்பாற்ற வேண்டிய உறவு. அந்த உறவு எத்தனை முறை கதைக்குள் வரும் என்பதற்கும் கணக்கு உண்டு. மூன்று பகடைகளின் கூட்டுத்தொகை 11 அல்லது அதற்குக் கீழே வந்தால் அன்றைய ஆட்டத்தில் அந்த உறவு, ஓர் அத்தை என்று வைத்துக்கொள்வோம், ஏதோ ஒரு சிக்கலில் மாட்டியிருப்பார் என்று எழுதிவைத்தால், அது நூற்றுக்கு 62.5 முறை நடக்கும். பாரத்தை முதன்முதலாக எண்ணாக எழுதிவைத்த பெருமை இந்த ஆட்டத்துக்கு உண்டு, அதற்காக இதைக் கொண்டாட வேண்டும். ஆனால் பாரத்தின் பலன் முன்கூட்டியே கையில் கிடைத்துவிடுகிறது. பாத்திரம் உருவாகும் நாளிலேயே புள்ளி வந்துவிடுகிறது, அந்தப் புள்ளியில் லேசர் கண்ணும் வாங்கியாகிவிட்டது. இனி அத்தை வருவது ஆட்டக்காரருக்கு ஒரு கடன் தவணைபோல ஆகிவிடுகிறது. வராமலிருந்தால் நல்லது என்று மனம் எண்ணத் தொடங்கும். எந்தக் குறை தம்மைக் குறைவாகத் தொந்தரவு செய்யும் என்று தேடி எழுதும் பழக்கமும் இதிலிருந்தே பிறந்தது. மேலும் ஆட்டத்தின் பெரும்பகுதியைச் சண்டை விழுங்குகிறது. பன்னிரண்டு நொடி கொண்ட ஒரு சுற்றைப் பன்னிரண்டு துண்டாக்கி, வேகத்துக்கு ஏற்ப யார் எந்தத் துண்டில் அசையலாம் என்று அட்டவணை வைத்திருக்கும் ஆட்டத்தில், அரை நிமிடச் சண்டை மாலைப்பொழுது முழுவதையும் எடுத்துக்கொள்ளும்.

பலத்தை அளப்பதில் உச்சம் தொட்டது மேஃபேர் நிறுவனத்துக்காக கிரெக் கோர்டன் வடிவமைத்து 1985இல் வந்த ‘டிசி ஹீரோஸ்’. சூப்பர்மேனையும் பேட்மேனையும் ஒரே மேசையில் உட்காரவைக்க வேண்டும் என்பதுதான் அதன் சவால். ஒருவர் மலையைத் தூக்குபவர், மற்றவர் நன்றாக உடற்பயிற்சி செய்த மனிதர். கோர்டன் கண்ட தீர்வு, ஒவ்வொரு புள்ளியும் முந்தையதைப்போல் இரண்டு மடங்கு என்பது. எடை, தூரம், நேரம் எல்லாமே இந்த ஒரே அளவில் வருவதால் கணக்கு வெறும் கூட்டல் கழித்தலாகிவிடுகிறது. ஒரு கார் எடையில் 6 புள்ளி, நாயகரின் பலம் 10 புள்ளி என்றால், பத்தில் ஆறு போக மிச்சம் நான்கு. கார் 4 புள்ளி தூரம், அதாவது ஏறக்குறைய 160 அடி தள்ளிப்போய் விழும். இயற்பியலை இவ்வளவு சிக்கனமாகக் கையாண்ட விதிப்புத்தகங்கள் மிகக் குறைவு. நாயகரின் சொந்த வாழ்க்கையைக் கிளைக்கதைகளாக நடத்தவும் அதில் இடம் உண்டு. என்றாலும் அந்த ஆட்டத்தின் மூளை முழுவதும் இரட்டிப்புக் கணக்கில்தான் இருக்கிறது. சூப்பர்மேனும் பேட்மேனும் ஒரே அளவுகோலில் பொருந்திவிட்டார்கள். ஒரே கதையில் இருவருக்கும் சம எடை எப்படி வரும் என்பது கேள்வியாகவே நின்றது.

அந்தக் கேள்விக்கு ஒரு வருடம் முன்பே, எளிய வடிவில், பதில் ஒன்று வந்திருந்தது. டிஎஸ்ஆர் நிறுவனம் 1984இல் வெளியிட்ட, ஜெஃப் கிரப் வடிவமைத்த ‘மார்வெல் சூப்பர் ஹீரோஸ்’ பார்வைக்குப் பிள்ளைகளுக்கான ஆட்டம்போல இருக்கும். பலத்துக்கு எண்ணோடு ஒரு பெயரும் உண்டு; எல்லாச் செயல்களுக்கும் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் தீட்டிய ஒரே அட்டவணை. நூறுவரை உருட்டி, நிறத்தைப் பார்த்தால் முடிவு தெரிந்துவிடும். இந்த எளிமைக்கு அடியில் ‘கர்மா’ என்று ஒன்றை கிரப் வைத்தார். குற்றத்தைத் தடுத்தால் கர்மா ஏறும், உயிரைக் காப்பாற்றினால் ஏறும், தர்ம காரியத்துக்கு நேரம் கொடுத்தாலும், வருகிறேன் என்று சொன்ன இடத்துக்குச் சொன்னபடி போனாலும் ஏறும். வாக்குத் தவறினால் இறங்கும். நாயகர் ஒருவரைக் கொன்றால் சேர்த்துவைத்த கர்மா மொத்தமும் போய்விடும். இதே கர்மாவைச் செலவழித்துத்தான் நெருக்கடியில் பகடை எண்ணைக் கூட்டிக்கொள்ள வேண்டும், இதே கர்மாவைச் சேமித்துத்தான் சக்திகளை வளர்த்துக்கொள்ள வேண்டும். இன்று இந்த வில்லனை வீழ்த்தச் செலவழித்தால் நாளைய வளர்ச்சி தள்ளிப்போகும். ‘சாம்பியன்ஸ்’ ஆட்டத்தில் பாரம் பிறப்பிலேயே தீர்ந்துவிட்ட கணக்கு. இங்கே ஒவ்வொரு வாரமும் எழுதப்படும் கணக்கு. ஊரைக் காப்பாற்றப் போனால் அத்தையைப் பார்க்கப் போக முடியாது, இரண்டுக்கும் தாளில் எண் இருக்கிறது. ஸ்பைடர்மேனாகிய பீட்டர் பார்க்கரின் வாழ்க்கையே இதுதான். மாயாவியைப் பொறுத்தவரையிலும் இது பொருந்துகிறது: திருட்டு வழியில் போன ஒருவர் திருந்தி வருவதைக் காட்ட, காலியாகக் கிடக்கும் கர்மாக் கட்டம் ஒன்றே போதும். ஆனால் கைக்கு அதில் விதி இல்லை. நடத்தைக்குக் கணக்கு உண்டு, மனதுக்கு இல்லை.

அடுத்த இருபது ஆண்டுகளின் நூல்கள் பெரும்பாலும் புள்ளிக் கணக்கு, கர்மா என்ற இந்த இரண்டு கிளைகளிலிருந்து பிரிந்தவை. 2002இல் ஸ்டீவ் கென்சன் வடிவமைத்து கிரீன் ரோனின் வெளியிட்ட ‘மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைன்ட்ஸ்’ புள்ளிக் கணக்கை இருபது முகப் பகடைக்குக் கொண்டுவந்தது. குறிதவறாமல் அடிப்பவர், பலமாக அடிப்பவர் இருவருக்கும் கூட்டுத்தொகையில் ஒரே உச்சவரம்பு வைத்துச் சமநிலை கண்டது. அதன் பிந்தைய பதிப்புகள் குறைகளைக் கையாளும் முறையில் ஒரு முக்கியத் திருத்தம் செய்தன: குறைக்கு முன்பணம் கிடையாது, அந்தக் குறை ஆட்டத்தில் உண்மையிலேயே நாயகரைக் கஷ்டப்படுத்தும்போதுதான் ‘ஹீரோ பாயின்ட்’ கிடைக்கும். சின்ன மாற்றம்போலத் தெரிந்தாலும் இதன் விளைவு பெரிது. அத்தை வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்த ஆட்டக்காரர், இப்போது அத்தை வரட்டும் என்று காத்திருக்கிறார். 2012இல் கேம் பேங்க்ஸ் தலைமையில் வந்த ‘மார்வெல் ஹீரோயிக் ரோல்பிளேயிங்’ இன்னும் ஒரு படி மேலே போனது. நாயகர் தனியாக இருக்கிறாரா, ஒரு துணையோடு இருக்கிறாரா, குழுவோடு இருக்கிறாரா என்பதைப் பொறுத்து அவருடைய பகடையே மாறும். தம் குணம் ஒன்றைப் பலமாகவும் பயன்படுத்தலாம், எட்டு முகப் பகடை கிடைக்கும். பலவீனமாகவும் பயன்படுத்தலாம், நாலு முகப் பகடையோடு பின்னால் செலவழிக்க ஒரு புள்ளி கிடைக்கும். அனுபவப் புள்ளிகளும் வில்லனை வீழ்த்துவதால் வருவதில்லை. நாயகருக்கென எழுதப்பட்ட மைல்கற்களில் 1, 3, 10 என்று மூன்று படி. பெரிய பத்துப் புள்ளி, வாழ்க்கையைத் திருப்பும் ஒரு முடிவை எடுப்பவருக்கே. மிகச் சிறந்த வடிவமைப்பு. உரிமம் மறு ஆண்டே முடிந்துபோனதால் அது அற்பாயுளில் நின்றுவிட்டது. ‘சென்டினல் காமிக்ஸ்’, 2023இல் முழு நூலாக வந்த ‘மார்வெல் மல்டிவெர்ஸ்’ இரண்டும் நன்றாக ஆடக்கூடியவையே. முன்னதில் ஆபத்து ஏற ஏற நாயகரின் பெரிய சக்திகள் திறந்துகொள்கின்றன, அது நல்ல யோசனை. பின்னது மூன்று சாதாரணப் பகடைகளில் ஒன்றுக்கு மட்டும் தனிச் சிறப்பு கொடுத்து உற்சாகமூட்டுகிறது. அதன் அக்கறை மறுபடியும் சண்டைக்கே திரும்பிவிட்டது.

பாரமே ஆட்டத்தில் நிலைத்து நிற்கிறது என்பதற்கு இந்த விதிப்புத்தகங்களுக்கு வெளியிலும் ஆதாரம் உண்டு. ஸ்டீவ் பெரின் எழுதி கேயாஸியம் வெளியிட்ட ‘சூப்பர்வேர்ல்ட்’ என்ற ஆட்டத்தை, 1980களின் முற்பகுதியில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் சில எழுத்தாளர்கள் விடாமல் ஆடினார்கள். நடத்தியவர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். அந்த மேசையில் பிறந்த பாத்திரங்களே 1987இல் ‘வைல்ட் கார்ட்ஸ்’ என்ற கதைத்தொகுப்பு வரிசையாயின. 1946இல் நியூயார்க் மீது பரவிய ஒரு வேற்றுக்கிரகக் கிருமி, தொற்றியவர்களில் பத்தில் ஒன்பது பேரைக் கொல்கிறது. மிஞ்சியவர்களில் பத்தில் ஒன்பது பேர் உருவம் சிதைந்துபோகிறார்கள். நூற்றில் ஒருவருக்குத்தான் பயனுள்ள சக்தி. ‘சூப்பர்வேர்ல்ட்’ அதன் காலத்து ஆட்டங்களைப்போலவே சக்திகளை எண்ணிக் கணக்குப் போட்ட நூல். பல மாதம் ஆடிவிட்டு எழுத உட்கார்ந்த எழுத்தாளர்கள் அந்த எண்களைப் புத்தகத்துக்குக் கொண்டுவரவில்லை. யாருக்கு என்ன நேர்ந்தது, அதோடு எப்படி வாழ்கிறார்கள் என்பதையே கொண்டுவந்தார்கள். ஆட்டம் முடிந்த பிறகு மனதில் தங்குவது எது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

2016இல் மேக்பை கேம்ஸ் வெளியிட்ட, பிரெண்டன் கான்வே வடிவமைத்த ‘மாஸ்க்ஸ்: எ நியூ ஜெனரேஷன்’ அப்படி மனதில் தங்கும் பாரத்தையே விதிகளின் நடுவில் வைத்தது. நாயகர்கள் எல்லாரும் பதின்வயதினர். ஊர், சூப்பர்ஹீரோக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஹால்சியன் சிட்டி. பாத்திரத் தாளில் பலம், வேகம், அறிவு என்று எதுவும் இல்லை. ஐந்து முத்திரைகள் இருக்கின்றன: இந்தப் பிள்ளை தன்னை எவ்வளவு ஆபத்தானவனாக, எவ்வளவு விநோதப் பிறவியாக, எவ்வளவு காப்பவனாக, எவ்வளவு கெட்டிக்காரனாக, எவ்வளவு சாதாரணனாக நினைக்கிறான்? ஒவ்வொன்றும் –2 முதல் +3 வரை. எதிரியோடு நேருக்கு நேர் மோதினால் இரண்டு பகடைகளோடு ‘ஆபத்தானவன்’ எண்ணைக் கூட்ட வேண்டும். நண்பனைத் தேற்ற முயன்றால் ‘சாதாரணன்’ எண்ணை. பத்தும் அதற்கு மேலும் வந்தால் நினைத்தது நடக்கும், 7 முதல் 9 வரை என்றால் ஒரு விலையோடு நடக்கும், ஆறும் அதற்குக் கீழும் என்றால் கேம் மாஸ்டர் கையில் கதை போய்விடும். கேம் மாஸ்டர் பகடையே உருட்டுவதில்லை. உயிர்ப்புள்ளி என்று ஒன்று கிடையாது. அடிபட்டால் பயம், கோபம், குற்றவுணர்வு, நம்பிக்கையிழப்பு, தாழ்வுணர்வு என்ற ஐந்து நிலைகளில் ஒன்று தாளில் ஏறும். அது சில செயல்களுக்கான உருட்டலில் 2 எண்ணைக் குறைக்கும். அதை நீக்கவும் பிள்ளைத்தனமான வழிதான்: கோபம் தீர வேண்டுமானால் யாரையாவது நோகடிக்க வேண்டும், அல்லது முக்கியமான எதையாவது உடைக்க வேண்டும்.

இந்த எந்திரம் ஓடுவதை மாயாவியை வைத்தே பார்க்கலாம். அவரைப் பதினேழு வயதுப் பையனாக்குவோம். உருவம் மாறிப்போன பிள்ளைக்கென இந்த ஆட்டத்தில் ஆயத்தமாகவே ஒரு பாத்திர வார்ப்பு இருக்கிறது. ‘ஆபத்தானவன்’ +1, ‘சாதாரணன்’ 0 என்று வைத்துக்கொள்வோம். ஆய்வகத்தின் பேராசிரியர் பெரியவர். இந்த ஆட்டத்தில் பெரியவர்களின் சொல்லுக்குப் பிள்ளைகள் மேல் இயல்பாகவே செல்வாக்கு உண்டு. அவர் பையனின் கையைப் பார்த்து, உன் பக்கத்தில் ஆட்கள் நிற்பதே ஆபத்து, விலகிப் போ என்கிறார். அந்த ஒரு வாக்கியம் விதிப்படி அவன் தாளை மாற்றுகிறது: ‘ஆபத்தானவன்’ +2 ஆகிறது, ‘சாதாரணன்’ –1 ஆகிறது. விளைவைப் பகடைக் கணக்கில் பாருங்கள். சற்று முன்புவரை எதிரியோடு மோதினால் ஓரளவாவது வெற்றி கிடைக்க 36க்கு 26 வாய்ப்பு இருந்தது, இப்போது 30. அழுதுகொண்டிருக்கும் நண்பனைத் தேற்ற 36க்கு 21 வாய்ப்பு இருந்தது, இப்போது 15. பையன் நல்ல சண்டைக்காரனாகிவிட்டான், மோசமான நண்பனாகிவிட்டான், அதுவும் யாரும் கை ஓங்காமலே. மறையாத கைக்கு ‘சாம்பியன்ஸ்’ ஒரு தள்ளுபடி கொடுத்தது, ‘மார்வெல் சூப்பர் ஹீரோஸ்’ கண்டுகொள்ளவில்லை. இங்கே அந்தக் கையைப் பார்த்து ஊர் என்ன சொல்கிறது, அதை அவன் எவ்வளவு நம்புகிறான் என்பதே ஆட்டம். சூப்பர்மேன்–பேட்மேன் சிக்கலும் இங்கே கரைந்துபோகிறது: ஒருவன் மலையைத் தூக்கட்டும், இன்னொருத்தி கயிறு கட்டி ஏறட்டும், அப்பா சொன்ன ஒரு சொல் இருவரையும் ஒரே அளவுதான் தைக்கும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் பலமானது ஒன்று: நல்ல கேம் மாஸ்டர் இருந்தால் எந்த ஆட்டத்திலும் இதையெல்லாம் செய்யலாம், மனதுக்கு விதி எதற்கு? அடிதடிக்கு விதி வேண்டும், ஏனென்றால் அதை மேசையில் நிஜமாகச் செய்ய முடியாது; பேச்சையும் உணர்ச்சியையும் ஆட்டக்காரர்களே நடித்துவிடலாமே என்பது இதன் தர்க்கம். நியாயமான தர்க்கம்தான், அனுபவசாலிகள் இப்படி ஆடி நல்ல கதைகளை உருவாக்கியும் இருக்கிறார்கள். ஆனால் விதிப்புத்தகம் எதற்கு இடம் ஒதுக்குகிறதோ அதற்குத்தான் மேசையில் நேரம் கிடைக்கும். பன்னிரண்டு துண்டு அட்டவணை தாளில் இருந்தால் மூன்று மணி நேரத்தில் இரண்டரை மணி அதற்குப் போகும். மிச்ச அரை மணியில் அத்தை வருவார், அதுவும் யாருக்காவது நினைவிருந்தால். ‘மாஸ்க்ஸ்’ ஆட்டத்தில் பேராசிரியரின் சொல் தாளில் எண்ணாக விழுவதால் அடுத்த உருட்டலில் தானே நினைவுக்கு வந்துவிடுகிறது. திறமைசாலி கேம் மாஸ்டர் இல்லாத மேசைக்கும் அது கிடைக்கிறது. விதி எழுதுவதே திறமைசாலி அல்லாதவர்களுக்கும் கதை கைகூட வேண்டும் என்பதற்காகத்தான்.

என் பாத்திரம் யார் என்று இன்னொருவர் சொல்லி, அது என் தாளை மாற்றுவதா என்ற எதிர்ப்பும் உண்டு. பாத்திரத்தின் மனம் ஆட்டக்காரருக்கே சொந்தம் என்று கருதுகிறவர்களுக்கு இது அத்துமீறலாகத் தோன்றும். அவர்கள் கவனிக்க வேண்டியது, சொல்லை மறுக்கவும் அதே ஆட்டம் வழி வைத்திருக்கிறது என்பதை. பகடை உருட்டி மறுக்கலாம். நன்றாக விழுந்தால் சொன்னவரின் செல்வாக்கையே இழக்கச் செய்யலாம். பதின்வயது என்பதே மற்றவர்கள் ஒட்டும் முத்திரைகளோடு போராடும் காலம். அந்தப் போராட்டத்தை எடுத்துவிட்டால், மிஞ்சுவது முகமூடி போட்ட சின்னப் பையன்கள் மட்டுமே. தவறிய ஒவ்வொரு உருட்டலும் வளர்ச்சிக்கான ஒரு புள்ளியையும் கொடுத்துவிட்டுப் போகிறது, ஐந்து சேர்ந்தால் பாத்திரம் முன்னேறும். தோற்கத் தோற்க வளரும் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான விதியை எழுத முடியாது.

சண்டை சப்பென்று இருக்கிறது என்ற குறையை நான் முழுவதும் மறுக்கமாட்டேன். எந்தச் சந்தில் யார் நிற்கிறார், எந்தக் கோணத்தில் காரை வீசினால் இரண்டு பேர் விழுவார்கள் என்று யோசித்து மகிழ்பவருக்கு ‘மாஸ்க்ஸ்’ தீனி போடாது. அவருக்கு ‘சாம்பியன்ஸ்’, ‘மியூட்டன்ட்ஸ் அண்ட் மாஸ்டர்மைன்ட்ஸ்’ இரண்டும் இருக்கின்றன. ஒரு சக்தியைப் புள்ளி புள்ளியாகச் செதுக்கும் இன்பம் தனி இன்பம், அதைத் தாழ்த்திப் பேசுவது தவறு. ஆனால் அது சூப்பர்ஹீரோ வகைக்கே உரிய இன்பம் அல்ல. வாள்வீரர்களை வைத்தும் விண்கலங்களை வைத்தும் அதே இன்பம் கிடைக்கும். பதின்வயதினருக்கு மட்டுமே உரிய ஆட்டம் என்ற குறைதான் உண்மையில் கனமானது. நாற்பது வயது மாயாவியை, உளவுத்துறைக்கு வேலை செய்யும் மாயாவியை, இதில் ஆட முடியாது. அவர் பேராசிரியர் சொல்லுக்கு நொறுங்கமாட்டார். இது எல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். குறுகிய எல்லை என்பதை ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்பைடர்மேன் பள்ளி மாணவராகவே தொடங்கினார், 1963இல் வந்த எக்ஸ்-மென் ஒரு பள்ளிக்கூடத்தின் மாணவர்கள், மறு ஆண்டிலேயே டீன் டைட்டன்ஸ் குழு வந்தது. இந்த வகைக் கதைகளின் ஊற்றுக்கண்ணில் பதின்வயது இருக்கிறது. அளவான ஓரிடத்தை எடுத்துக்கொண்டு அதை முழுமையாகச் செய்வது, எல்லாவற்றுக்கும் பொருந்துவேன் என்று சொல்லிப் பாதியில் நிற்பதைவிட மேல்.

ஆகவே என் தீர்ப்பு: முதலிடம் ‘மாஸ்க்ஸ்’. வளர்ந்த நாயகர்களோடு ஆட விரும்புகிறவர்களுக்கு, நாற்பது வருடப் பழைய ‘மார்வெல் சூப்பர் ஹீரோஸ்’. அதன் கர்மாவை மிஞ்சிய எளிய விதி இன்னும் எழுதப்படவில்லை. நீண்ட உரிமம் கிடைத்திருந்தால் ‘மார்வெல் ஹீரோயிக்’ இந்த இடத்துக்குப் போட்டி போட்டிருக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குச் செலவைப் பற்றிய பயம் வேண்டாம்: ‘மாஸ்க்ஸ்’ ஆட ஒரே ஒரு விதிப்புத்தகமும், வீட்டு லூடோப் பெட்டியில் கிடக்கும் வகைப் பகடை இரண்டும், கேம் மாஸ்டரோடு சேர்த்து நாலைந்து பேரும் போதும். பாத்திரம் எழுத உட்காரும்போது என்ன சக்தி வேண்டும் என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். இந்தப் பிள்ளை யாருடைய சொல்லுக்குக் கலங்குவான் என்பதை முதலில் எழுதுங்கள்.